வராத பிள்ளைகளின் கணக்கு

ஆசிரியத் தொழிலிலே மிகவும் சலிப்பூட்டும் கருமம் யாதென எவரேனும் வினவின், காலையில் இடாப்புக் கூப்பிடுவதே என நாம் தயங்காது விடை சொல்வோம். நாற்பது பெயர்கள், நாற்பது குரல்கள். வந்தவனுக்கு ஒரு கோடு. வராதவனுக்கு ஒரு பூச்சியம். இருபது ஆண்டுகளாக இதனையே செய்து வருகின்றோம். எனினும், மாத முடிவில் அவ்விடாப்பை விரித்து வைத்துக்கொண்டு கூட்டல் போடும் வேளையிலே சில சங்கதிகள் கண்ணிற் படும். மாரிகாலம் பிறந்தால் பூச்சியங்கள் பெருகும். அவையும் எல்லாப் பெயர்களுக்கும் ஒருபடித்தாய்ப் பெருகுவதில்லை; குறிப்பிட்ட சில பெயர்களுக்கு நேரேயே திரும்பத் திரும்ப விழும். அப்பிள்ளைகள் கொண்டுவரும் கடிதங்களில் ‘தடிமனும் காய்ச்சலும்’ என்றோ ‘முட்டு வருத்தம்’ என்றோ தாய்மார் எழுதியிருப்பர். மழைவெள்ளம் வடியாத பள்ளக் காணிகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள் என்பதை இடாப்பில் எழுதுவதற்கு இடமில்லை; ஆனால் எமக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு எமது வகுப்பிலே, கெட்டிக்காரனான ஒரு மாணாக்கன் தன் எதிர்கால நோக்கத்தை எடுத்துரைத்தான். “டொக்டராய் வந்தாற் போதாது சேர், ஸ்பெஷலிஸ்ட்டாய் வரவேணும்” என்றான். ஏன் அப்பனே என்று கேட்டோம். “ஒருத்தருக்கும் பிடிபடாத வருத்தத்தை அவர் ஒரு பார்வையிலை கண்டுபிடிச்சுப் போடுவார்” என்றான். வகுப்பு முழுவதும் அதனை ஆமோதித்தது. நாமும் அவ்வேளை மறுத்தொன்றும் உரைக்கவில்லை, அவ்வாசை நல்லாசையே. ஆயினும், நிபுணர் எனப்படுபவர் எதனைக் காண்கின்றார், எதனைக் காணாது விடுகின்றார் என்பதைப்பற்றி அவனுக்குச் சொல்லவேண்டியவை சில உண்டென நினைத்தோம். ஒரு பாடவேளைக்குள் அடங்காத சங்கதியாதலின் இங்கு எழுதலானோம்.

பிள்ளைக்கு வருத்தம் வந்தால் நாம் என்ன செய்கின்றோம்? முதலில் தாய் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கின்றாள், வேது பிடிக்கின்றாள். தணியாவிடின் சந்தியிலுள்ள டிஸ்பென்சரி. அங்கும் தணியாவிடின் அரசினர் ஆஸ்பத்திரி. அதன்பின்னரே பெரியாஸ்பத்திரியும் நிபுணரும். இவ்வாறு சல்லடை மேற் சல்லடையாக அரித்தெடுத்து, ஈற்றில் நூற்றில் ஒரு பிள்ளையே அவர் கட்டிலுக்கு வந்து சேருகின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பிள்ளையை அவர் அறிந்த அளவுக்கு உலகில் வேறெவரும் அறியார். மற்றைத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளோ? அவை ஏன் வரவில்லை? தாமாகக் குணமாயினவா, வர வழியின்றி வீட்டிலேயே கிடந்தனவா? வாட்டிலே நின்றுகொண்டு இவற்றை அறிய எந்த மேதையாலும் இயலாது.

இதனை நன்குணர்ந்த ஒரு வைத்தியர் இங்கிலாந்தின் வடகோடியிலே, தைன் நதிக்கரை நகரமாகிய நியூகாசிலில் இருந்தார். புவியியல் கற்பிக்கும் எமக்கு நியூகாசில் என்றதும் நிலக்கரியும் கப்பல் கட்டும் துறைகளுமே நினைவுக்கு வருவது வழக்கம். அந்நகருக்கு வேறொரு பெருமையும் உண்டென்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தோம். வைத்தியரின் பெயர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ். 1892இல் பிறந்தவர்; முதலாம் உலக யுத்தத்திலே பணியாற்றி மீண்டவர்; 1942இல் நியூகாசிலில் குழந்தை நலத்துறைப் பேராசிரியரானவர். 1920களிலேயே அந்நகரின் சிசு ஆஸ்பத்திரியில், நோயுற்ற குழந்தையோடு தாயும் தங்கியிருந்து பராமரிக்கும் முறையை அவர் நடத்திவந்தார். தாய் பிள்ளையின் கட்டிலருகே பாயை விரித்துக்கொண்டு கிடப்பது நமக்குப் புதினமன்று. அக்காலத்து இங்கிலாந்திலோ, நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் வாரத்திற் குறித்த சில மணி நேரமே பார்க்கலாம் என்பது பல ஆஸ்பத்திரிகளின் சட்டம். அச்சட்டத்தை மதியாத மனிதர் அவர் என்றறிந்தபோதே எமக்கு அவர்மேற் பற்றுண்டாயிற்று.

1939ஆம் ஆண்டு நியூகாசிலில் இறந்த சிசுக்களைப்பற்றி, ஸ்பென்ஸும் அவருடைய துணைவரான மில்லரும் ஆராய்ந்து அறிக்கை எழுதினர். தொற்றுநோய்களே பல குழந்தைகளைக் கொண்டுசென்றன என்று கண்டனர். ஆனால் இறந்த பிள்ளைகளை எண்ணுவதால் மட்டும் நோயின் கதை முழுவதும் விளங்கிவிடாது. ஒரே தெருவிலே ஒரே நோய் கண்டு தப்பிய பிள்ளைகள் எத்தனை? ஒன்று இறக்க மற்றொன்று பிழைத்ததேன்? இவற்றை அறியவேண்டின் நோயாளரை மட்டுமன்றி நோயற்றோரையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ஆகவே, 1947ஆம் ஆண்டு மே, ஜூன் ஆகிய இரு மாதங்களில் அந்நகரத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் அனைத்தையும் தொடர்ந்து கவனிப்பதெனத் தீர்மானித்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளையென்றோ துறைமுகக் கூலியாளின் பிள்ளையென்றோ பேதமில்லை. தொகை 1142.

அவ்வாண்டின் பனிக்காலம் இங்கிலாந்து கண்ட மிகக் கொடிய பனிக்காலங்களுள் ஒன்று. யுத்தம் முடிந்து ஈராண்டு கழியவில்லை. பாணுக்குக்கூடப் பங்கீட்டு அட்டை நடைமுறையிலிருந்தது. நிலக்கரி விளையும் நாட்டிலேயே அடுப்பெரிக்க நிலக்கரி கிடையாது மக்கள் தவித்தனர். அந்தத் தவிப்பினூடே கருவில் வளர்ந்த குழந்தைகளே இவை. நெருக்கமான பழைய வீடுகள், குளியலறையற்றவை பல, ஒரே கட்டிலில் பலர் துயிலும் குடும்பங்களும் இருந்தன.

இனி, எம் மாணாக்கன் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருகின்றோம். இக்கருமத்தை ஸ்பென்ஸ் தனித்துச் செய்திருக்க முடியாது. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழந்தை வைத்திய நிபுணர்கள் ஒரு புறம்; நகரச் சுகாதார வைத்திய அதிகாரியான வால்ற்றனும் அவரின்கீழ் வீடுவீடாய்ச் செல்லும் சுகாதாரத் தாதியரும் மறுபுறம்; குடும்ப வைத்தியர்கள் மூன்றாவது புறம். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை மாதத்திலேயே தொடங்கிற்று. அதற்கு முந்திய காலமாதலின், இம்மூவகையினரும் மூன்று தனி இராச்சியங்கள் போன்றே இருந்தனர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால்வைப்பது மரியாதையன்று. ஒரு கல்லூரியிலே விஞ்ஞானப் பிரிவாசிரியரும் கலைப் பிரிவாசிரியரும் ஒரு நேரசூசிக்கு இணங்குவதற்குள் படும் பாடு எமக்குத் தெரியும். அங்கோ, பேராசிரியர் பட்டம் பெற்றவர்கள் நோய்ச் செய்தி வந்ததும் தாமே அவ்வீட்டுப் படியேறினர். அடுக்களையில் நின்று தாயோடு பேசினர். பிள்ளை எங்கே துயில்கின்றது, யார் யார் அக்கட்டிலில் உடன் துயில்கின்றனர், வீட்டிலே முதலில் இருமத் தொடங்கியவர் யார் என்றெல்லாம் கேட்டெழுதினர். ஒவ்வொருவரும் தத்தம் நோக்கம்போல எழுதினால் ஆயிரம் கதைகள் கிடைக்கும், கணக்குக் கிடைக்காது. எனவே, எதனைத் தடிமன் என்பது, எதனைச் சளிச்சுரம் என்பது என்று முற்கூட்டியே ஒத்துக்கொண்டு எழுதவேண்டியிருந்தது. தன் சொல்லை விட்டுக்கொடுத்துப் பிறர் சொல்லோடு பொருத்தி எழுதுவது படித்தவர்க்கு எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர் அறையிலிருக்கும் எவரும் அறிவர்.

ஓராண்டு நோக்கிலே தொடங்கிய வேலை ஐந்தாண்டாயிற்று, பின் பதினைந்தாண்டாயிற்று. குடும்பங்கள் பல ஊர்விட்டுப் போயின; எனினும் ஐந்தாம் பிறந்தநாள் வரை 847 பிள்ளைகள் தொடர்ந்து கணக்கிலிருந்தனர். முதலாண்டின் வரலாறு 1954இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டே ஸ்பென்ஸ் காலமானார். மில்லரும் டொனால்ட் கோர்ட் என்பவரும் வேலையை விடவில்லை. 1960இல் ஒரு நூலும், பள்ளிப்பருவம் பற்றி 1974இல் மற்றொரு நூலும் வெளிவந்தன. ஒருவர் தொடங்கியதை அவர் பெயராலேயே விட்டுவிடாது மற்றவர் முடித்துவைப்பது நம்மவரிடையே அரிதாய்க் காணப்படும் குணம் என்பதை மெல்லச் சொல்லி அப்பாற் செல்கின்றோம்.

அவர்கள் கண்டவற்றை இங்கு முற்றாக உரைக்க இடமில்லை. சிறு பிள்ளைகளின் நோய்களுட் பெரும்பகுதி தொற்றினால் வருவது. அவற்றுள்ளும் மூக்கு, தொண்டை, நெஞ்சு ஆகியவற்றைப் பற்றுவனவே மிகுதி. பெரும்பாலானவை வீட்டிலேயே தோன்றி வீட்டிலேயே முடிந்தன. சின்னமுத்தும் குக்கலும் கசமும் எவ்வாறு ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து ஆளுக்காள் பரவுகின்றன என்பது தெருத்தெருவாகத் தெரியவந்தது. நெருக்கமும் வறுமையும் நோயைப் பெருக்கின. அதே நெருக்கத்திலும் வறுமையிலும் சில தாய்மார் பிள்ளைகளை நன்றாய் வளர்த்தெடுத்தனர் என்பதையும் அவ்வைத்தியர்கள் மறைக்காது எழுதினர். எமது இடாப்பின் மாரிகாலப் பூச்சியங்களை நாம் அதன்பின் வேறு கண்கொண்டு பார்க்கலானோம்.

அப்பிள்ளைகள் ஐம்பதை எட்டியபோது, 1990களின் பிற்பகுதியில், மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர். 412 பேர் வந்து உடலைச் சோதித்துக்கொண்டனர். இளமையிற் பட்ட வறுமையே முதுமையின் இருதய நோயைத் தீர்மானிக்கும் என்று பலர் கருதிய காலம் அது. கழுத்து நாடியின் தடிப்பை அளந்து பார்த்தபோது, வளர்ந்தபின் கைக்கொண்ட வாழ்க்கை முறையின் பங்கே கூடுதலாகக் காணப்பட்டது. எதிர்பார்த்ததற்கு மாறான விடையையும் அவ்வாறே அச்சிட்டனர்.

நியூகாசிலைச் சூழ்ந்த வட பிராந்தியத்துக்கு இவ்வாறு கூடி எண்ணும் பழக்கம் ஊறிவிட்டது போலும். 1981 முதல் அப்பிராந்தியத்தின் மகப்பேற்று நிபுணர்களும் குழந்தை வைத்திய நிபுணர்களும், பிறப்பையொட்டி நிகழும் சிசு மரணங்கள் யாவற்றையும் ஒன்றுகூட்டி ஆராயத் தொடங்கினர். தம் ஆஸ்பத்திரியில் நேர்ந்த மரணத்தை அயல் ஆஸ்பத்திரி நிபுணர் முன்னிலையில் எடுத்துவைப்பதற்கு மனத்துணிவு வேண்டும்.

1986இல் இப்பழக்கம் பிரித்தானியா, அயர்லாந்து முழுவதற்கும் விரிந்தது. அந்நாடுகளிலுள்ள குழந்தை வைத்திய நிபுணர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு செம்மஞ்சள் நிற அட்டை தபாலில் வரும். அதிலே சில அபூர்வ நோய்களின் பெயர்கள் இருக்கும். இம்மாதம் அவற்றுள் எதனையேனும் கண்டீரா, கண்டீராயின் எத்தனை பிள்ளைகளில் என்பதைக் குறித்துத் திருப்பி அனுப்புதல் வேண்டும். எம்மைக் கவர்ந்த சங்கதி வேறொன்று. ஒன்றையும் காணாதவர்க்கெனவும் அவ்வட்டையில் ஒரு கட்டம் இருந்தது. காணவில்லையாயின் அக்கட்டத்திலே அடையாளமிட்டு அனுப்பியே தீரவேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு ஏன் முத்திரைச் செலவு என்று நீங்கள் கேட்கலாம். அட்டை வராவிட்டால், அவர் நோயைக் காணவில்லையா, அட்டையை மறந்து மேசை லாச்சியிற் போட்டுவிட்டாரா என்று எவர் அறிவார்? வராத பிள்ளைக்கு நாம் பூச்சியம் போடாது வெறுமையாய் விட்டால் அதிபர் ஏன் சீறுகின்றாரோ, அதே காரணந்தான். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட அட்டைகள் பல ஆண்டுகளாகத் திரும்பி வந்தன. வேலை மிகுந்த அத்தனை நிபுணர்கள், பெரும்பாலும் ‘இல்லை’ என்று சொல்வதற்காகவே, மாதந்தோறும் பேனாவை எடுத்தனர். இன்று அட்டை போய்க் கணினி வந்துவிட்டது, கேள்வி அதுவேதான்.

அதனால் வந்த பயன்களுள் ஒன்றை மட்டும் சொல்வோம். இரத்தம் உறைவதற்கு இன்றியமையாத விற்றமின் கே என்னும் பொருளைக் கண்டறிந்தவர் டென்மார்க் தேசத்து ஹென்றிக் டாம். 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்கரான டொய்சிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிறந்த குழந்தையின் உடலில் இப்பொருள் மிகச் சொற்பம். தாய்ப்பால் வேறெல்லா வகையாலும் ஈடிணையற்ற உணவாயினும், அதிலும் இது சொற்பமே. அதனாற் சில குழந்தைகளுக்கு முதல் வாரத்திலோ, அதற்குப் பின் சில வாரங்கள் கழித்தோ இரத்தக் கசிவு உண்டாகின்றது. மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பிறந்தவுடன் ஓர் ஊசி போட்டால் இது வராது என்பது தெரிந்ததே. எனினும் 1980களிலே பிரித்தானிய ஆஸ்பத்திரிகள் பல அவ்வூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதை விட்டிருந்தன. தம் தொழில் வாழ்நாள் முழுவதிலும் இந்நோயை ஒரு முறைகூடக் காணாத நிபுணருக்கு, அது வேண்டுவதொன்றாகத் தோன்றாதது வியப்பன்று.

1988 இறுதி தொடக்கம் ஈராண்டுகளாகச் செம்மஞ்சள் அட்டை இந்நோயையும் கேட்டது. ஒன்றொன்றாய் விடைகள் சேர்ந்தன: 27 குழந்தைகள். அவர்களுள் 20 பேருக்கு விற்றமின் கே கொடுக்கப்படவேயில்லை; 7 பேருக்கு வாய்வழி கொடுக்கப்பட்டிருந்தது. ஊசி மூலம் பெற்ற குழந்தை ஒன்றேனும் அக்கூட்டத்தில் இல்லை. 1991இல் இக்கணக்கு வெளியாயிற்று. மறுவாண்டு, அவ்வூசியினாற் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரக்கூடுமென ஓர் ஐயம் கிளம்பிப் பெற்றோரைக் கலக்கிற்று. பின்வந்த பேராய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. அக்கலக்கத்தின்போதும் அட்டை மீண்டும் கேட்டது. நிபுணர்கள் மீண்டும் எண்ணினர்.

இச்சங்கதிகளை நாம் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் எமது வீட்டிலேயே உண்டு. எமக்கு மூத்தவளாய் 1976இல் ஒரு பெண் குழந்தை எமது தாயாருக்குப் பிறந்தது. வீட்டிலே பிறந்த பிள்ளை, நல்ல நிறை, நன்றாய்ப் பால் குடித்தது. நான்காம் நாள் கொப்பூழிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் விடியுமுன் போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை. நாள் சரியில்லை என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் மற்றொருவர். தாயின் சாப்பாட்டிற் பிழை என்று சொன்னவர்களும் இருந்தனர். அந்தக் கடைசிச் சொல்லை எமது தாயார் நெடுங்காலம் சுமந்தார். எத்தனை பிள்ளைகள் என்று எவர் கேட்பினும் ஐந்து என்பார், நாம் நால்வரே.

அக்குழந்தைக்கு நேர்ந்தது இந்நோயேதான் என்று சாதிக்க எமக்கு உரிமையில்லை. சோதித்தவரும் இல்லை, எழுதிவைத்தவரும் இல்லை. 2011இல் எமது இளைய மகள் ஆஸ்பத்திரியிலே பிறந்தபோது, தாதி அவள் தொடையில் ஒரு சிறு ஊசி போட்டார். அருகில் நின்ற எமது தாயாருக்கு மனம் பொறுக்கவில்லை. “பச்சை மண்ணுக்கு ஏன் தம்பி ஊசி குத்தினவை?” என்று எம்மைக் கேட்டார். நாம் அறியோம். எம்மோடு ஒரே வாங்கிற் படித்துப் பின் குழந்தை வைத்தியரான நண்பரிடம் அன்று மாலை கேட்டோம். அவரே செம்மஞ்சள் அட்டையின் கதையையும் அந்த 27 குழந்தைகளின் கதையையும் எமக்கு முதலிற் சொன்னவர்.

மறுநாட் காலை, கோப்பி கொண்டுசென்ற வேளையில், அவர் சொன்னதை அப்படியே தாயாருக்குச் சொன்னோம். தாயின் சாப்பாட்டாலே வருவதில்லை என்பதை இரண்டு முறை சொன்னோம். அவர் கோப்பையைக் கையிலே வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த இருபத்தேழிலை எங்கடை பிள்ளையும் ஒண்டோ தம்பி?”

“இல்லையம்மா. அது அந்த நாட்டுக் கணக்கு. காலமும் வேறை. எங்கடை பிள்ளையை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து, பேத்தியின் துணி விலகியிருந்ததைச் சரிசெய்துவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு விறாந்தைப் பக்கம் போனார்.